பிரிட்டன்ல இந்தியர்கள் மேல, பாகிஸ்தானியர்கள் கீழ. மதம்தான் காரணமா?

கேள்வி இதுதான்: 1947 வரைக்கும் ஒரே நாடு, ஒரே வெள்ளைக்காரன் ஆட்சி, ரெண்டு பக்கத்துல இருந்தும் கிட்டத்தட்ட ஒரே காலகட்டத்துல பிரிட்டன் போனாங்க. இன்னைக்கு அங்க இந்தியர்கள் படிப்பு, சம்பளம், சொந்த வீடு எல்லாத்துலயும் மேல இருக்காங்க, பாகிஸ்தானியர்கள் கீழ இருக்காங்க, அப்போ மதம்தானே வித்தியாசம்னு கேட்டிருக்கீங்க. பதில் நீளமா வரும், பொறுமையா படிங்க.

முதல்ல, வித்தியாசம் இருக்கறது உண்மை. 2021 சென்சஸ்படி இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து இந்தியர்கள் சுமார் 18.6 லட்சம், பாகிஸ்தானியர்கள் சுமார் 15.9 லட்சம், பங்களாதேஷியர்கள் சுமார் 6.4 லட்சம். இந்தியக் குடும்பங்கள்ல பத்துக்கு ஏழு குடும்பம் சொந்த வீட்ல இருக்கு, வெள்ளைக்காரங்களை விடவே கொஞ்சம் அதிகம். பாகிஸ்தானிய குழந்தைகளை எடுத்துக்கிட்டா, வீட்டுச் செலவு போக மிச்ச வருமானத்தை வச்சு கணக்கு போட்டா பாதிக்குப் பக்கமோ அதுக்கு மேலயோ வறுமைக் கோட்டுக்குக் கீழ. இதை மறைக்கவோ பூசி மெழுகவோ ஒண்ணுமில்ல.

ஆனா "இந்தியர்"னு ஃபார்ம்ல இருக்கிற அந்த ஒரு கட்டத்துக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. ஜலந்தர் பக்கத்து ஜாட் சீக்கிய விவசாயி, உகாண்டா தலைநகர் கம்பாலாவுல கடை வச்சிருந்த குஜராத்தி, 60கள்ல அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் பத்தாம கூப்பிட்ட டாக்டர், கோட்டயத்து நர்ஸ், 2000க்கு அப்புறம் போன ஐ.டி. ஆளுங்க, எல்லாரும் ஒரே கட்டம். "பாகிஸ்தானி" கட்டத்துல அப்படி இல்ல, அங்க பாதிக்கும் மேல மிர்பூர்ங்கற ஒரே ஏரியாவையும் அதைச் சுத்தி இருக்கிற கிராமங்களையும் சேர்ந்தவங்க. லாகூர் டாக்டரும் கராச்சி வக்கீலும் இருக்காங்கதான், ஆனா எண்ணிக்கையில மிர்பூர் அவங்களை மூழ்கடிச்சுடும். ஆக நீங்க கேட்கிறது இந்தியா பாகிஸ்தான் ஒப்பீடு மாதிரி தெரிஞ்சாலும், நிஜத்துல ஒரு கலவைக் கூட்டத்தையும் ஒரு மாவட்டத்தையும் தராசுல வச்சுப் பார்க்கிறீங்க.

குஜராத்திங்களைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். 1972 ஆகஸ்ட்ல இடி அமீன் 90 நாள் கெடு குடுத்து ஆசியர்களை உகாண்டாவை விட்டு துரத்தினான், சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்தாங்க. லெஸ்டர் நகர கவுன்சில் உகாண்டா பேப்பர்லயே விளம்பரம் குடுத்துச்சு, எங்க ஊருக்கு வராதீங்க, இடமில்லனு. விளம்பரத்தைப் பார்த்துத்தான் லெஸ்டர்னு ஒரு ஊர் இருக்கறதே தெரிஞ்சுதுன்னு கிண்டலா சொல்வாங்க. இன்னைக்கு அந்த ஊர்ல 34 சதவீதம் இந்திய வம்சாவளி, பெல்கிரேவ் ரோட்டுல நடந்தா நகைக்கடையும் புடவைக்கடையும்தான். கையில காசு இல்லாம வந்தாங்கங்கறது உண்மை, வெளிய எடுத்துட்டு வர ஐம்பது சொச்சம் பவுண்டுதான் விட்டாங்க. ஆனா காசு போச்சே தவிர கணக்கு எழுதத் தெரிஞ்சது போகலயே! இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சவங்க, டவுன்ல வாழ்ந்தவங்க, ரெண்டு மூணு தலைமுறையா வியாபாரம் பார்த்தவங்க, புருஷன் பொண்டாட்டி குழந்தை பாட்டினு குடும்பமா ஒரே ஃப்ளைட்ல இறங்கினவங்க. வந்த கொஞ்ச நாள்லயே பொம்பளைங்களும் ஃபேக்டரிக்குப் போனாங்க. 1976ல லண்டன்ல கிரன்விக் ஃபோட்டோ பிராசஸிங் கம்பெனில ஸ்ட்ரைக்கை நடத்தின ஜெயாபென் தேசாய் தான்சானியாவுல இருந்து வந்த குஜராத்தி அம்மா, புடவை கட்டிக்கிட்டு கேட் முன்னாடி நின்ன அந்த ஃபோட்டோவை பார்த்திருப்பீங்க. ரிஷி சுனக்கோட அப்பா கென்யா, அம்மா தான்சானியா, பூர்வீகம் பஞ்சாபினாலும் அவரும் இந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கிளையில இருந்து வந்தவர்தான்.

இங்கயே மதக் கணக்கு ஆட ஆரம்பிக்கும். உகாண்டாவுல இருந்து துரத்தப்பட்டவங்கள்ல இஸ்மாயிலி முஸ்லிம்கள் (ஷியா பிரிவுல ஒரு கிளை) நிறைய பேர். அவங்க கணிசமா கனடா போனாங்க. கம்பாலாவுல பிறந்த ரஹீம் ஜாஃபர் 1997ல கனடா பார்லிமெண்டுக்குப் போன முதல் முஸ்லிம்கள்ல ஒருத்தர், தான்சானியாவுல இருந்து வந்த இஸ்மாயிலி குடும்பத்துப் பையன் நஹீத் நென்ஷி 2010ல கால்கரி மேயர். அந்த சமூகம் பணத்துலயும் படிப்புலயும் எங்க நிக்குதுன்னு கனடாவுல யாரை வேணா கேளுங்க. மதம் முஸ்லிம், முடிவு குஜராத்தி இந்துக்களுக்கு சமமா.

சரி, மிர்பூருக்கு வருவோம்.

மிர்பூர் பாகிஸ்தான் கையில இருக்கிற காஷ்மீர்ல ஒரு மாவட்டம். மேட்டு நிலம், துண்டு துண்டா விவசாயம், பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் ஆள் அனுப்பற ஊர். பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்ல பாய்லருக்கு கரி அள்ளிப் போடற வேலை இருக்கே, அதுல மிர்பூர் ஆளுங்க ரொம்ப காலமா இருந்தாங்க, அப்படி இறங்கி தங்கினவங்கதான் முதல் விதை. அப்புறம் 1960ல சிந்து நதி ஒப்பந்தம், தொடர்ந்து மங்களா அணை, 1967ல முடிஞ்சது. நூத்துக்கணக்கான கிராமங்களும் பழைய மிர்பூர் டவுனும் தண்ணிக்குள்ள போச்சு, ஒரு லட்சம் பேருக்கு மேல வீடு இழந்தாங்க. இன்னைக்கும் தண்ணி வத்தற சீசன்ல பழைய ஊரோட கோயில் கோபுரமும் தர்கா சுவரும் மேல வரும். அணையில நிலம் போனவங்கள்ல ஒரு பகுதிக்கு பிரிட்டன்ல வேலை பார்க்க அனுமதி கிடைச்சுது, ஏற்கனவே அங்க இருந்த மாமன் மச்சான் கூப்பிட்டு விட்டாங்க.

எதுக்குக் கூப்பிட்டாங்க? பிராட்ஃபோர்ட், ஓல்டம், பர்ன்லி இந்த மாதிரி ஊர்கள்ல கம்பளி மில், பஞ்சு மில். போருக்கு அப்புறம் மில் முதலாளிங்க புது மெஷின் போட்டாங்க, போட்ட காசை எடுக்கணும்னா 24 மணி நேரமும் ஓடணும். பொம்பளைங்க நைட் ஷிஃப்ட் பார்க்க சட்டம் விடல, உள்ளூர் ஆம்பளைங்க அந்த சம்பளத்துக்கு ராத்திரி வேலைக்கு வரத் தயாரா இல்ல. ஆக நைட் ஷிஃப்ட்ங்கறதே பாகிஸ்தானி ஷிஃப்ட்டா மாறிடுச்சு. ஒரு ஆள் நல்லா வேலை பார்த்தா சூப்பர்வைசர் சொல்றது, உன் ஊர்ல இருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வா. அப்படி ஒரு ஹால் முழுக்க ரெண்டு மூணு கிராமத்து ஆளுங்களே, மெஷின் சத்தத்துல பேச்சே கேக்காது, கேட்டாலும் அவங்க ஊர் பொட்வாரி மொழிதான், ஃபோர்மேன்கிட்ட பேச ஒருத்தன் இருந்தாப் போதும். பத்து வருஷம் இங்கிலாந்துல வேலை பார்த்துட்டு இங்கிலீஷ்ல பத்து வாக்கியம் பேசத் தெரியாத ஆளுங்க இருந்தாங்கன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, வேலையே அப்படித்தான் அமைஞ்சிருந்தது. தங்கறது மில்லுக்குப் பின்னாடி வரிசை வீட்ல, பகல் ஷிஃப்ட் ஆள் எந்திரிச்சுப் போனதும் அதே படுக்கையில நைட் ஷிஃப்ட் முடிச்சவன் வந்து படுப்பான், படுக்கை ஆறவே ஆறாது.

இவங்க யாரும் குடியேற வந்தவங்க இல்லங்கறது முக்கியம். நாலஞ்சு வருஷம் சம்பாதிச்சு ஊர்ல பக்கா வீடு கட்டிட்டு திரும்பறது, தம்பியை அனுப்பறது, இதுதான் பிளான். 1962ல குடியேற்றத்துக்கு கட்டுப்பாடு போட்டு சட்டம் வந்துச்சு பாருங்க, அது செஞ்ச வேலை நேர் எதிர். ஊருக்குப் போனா திரும்ப வர முடியாதோன்னு பயந்து போகாம உக்காந்துட்டாங்க, கதவு மூடறதுக்கு முன்னாடினு ஒரு கூட்டம் அவசரமா உள்ள வந்துச்சு, அப்புறம் தனியா எத்தனை வருஷம் இருக்கறதுன்னு பொண்டாட்டி பிள்ளைங்களை கூப்பிட்டுக்கிட்டாங்க. வரவங்களைக் குறைக்கப் போட்ட சட்டம் வந்தவங்களை நிரந்தரமாக்கிடுச்சு, எந்த நாட்டு அரசாங்கமும் இதுல இருந்து பாடம் கத்துக்கிட்டதா தெரியல.

குடும்பம் வந்து சேர்ந்த நேரம் பார்த்து மில்லு போச்சு. 70கள்ல ஆரம்பிச்சு 80களோட முதல் பாதிக்குள்ள பெரும்பாலான வேலை காலி. பிராட்ஃபோர்ட் மானிங்ஹாம்ல லிஸ்டர் மில்னு ஒண்ணு இருக்கு, 249 அடி சிம்னி, ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய பட்டு மில்கள்ல ஒண்ணு, அது 1992ல மூடி இப்போ சொகுசு அபார்ட்மெண்ட். மொழி தெரியாத, சர்டிஃபிகேட் இல்லாத, நாற்பது நாற்பத்தஞ்சு வயசு ஆளு மில் மூடினப்புறம் என்ன பண்ணுவான்? டாக்ஸி ஓட்டினான், டேக்அவே கடை வச்சான், இல்லன்னா சும்மா இருந்தான். வீடு மட்டும் சொந்தம். ஏன்னா அந்தக் காலத்துல அந்த வரிசை வீடுங்க சில நூறு பவுண்டுக்கே கிடைச்சது, வெள்ளைக்காரன் வாடகைக்கு விட மாட்டேன்னான், நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கினாங்க.

இப்போ நீங்க கேட்டதுக்கு சரியான ஜோடியை வைக்கிறேன். மிர்பூர் ஆளுங்களை பங்களாதேஷ் சில்ஹெட் ஆளுங்களோட ஒப்பிடுங்க. ரெண்டு பேரும் முஸ்லிம், ரெண்டு பேரும் கிராமம், ரெண்டு பேரும் கப்பல்ல கரி அள்ளி வந்த வழி, ரெண்டு பேருமே அவங்கவங்க நாட்டுல ஒரே ஒரு மூலையில இருந்து வந்தவங்க. சொல்லப் போனா சில்ஹெட் ஆளுங்க இன்னும் மோசமான நிலைமையில ஆரம்பிச்சாங்க, குடும்பங்கள் வந்ததே பெரும்பாலும் 80கள்ல, இருந்த வேலை கிழக்கு லண்டன் தையல் பட்டறையும் "இந்தியன் ரெஸ்டாரண்ட்" கிச்சனும். 1985ல வந்த ஸ்வான் கமிட்டி அறிக்கை ஆசியப் பிள்ளைங்க பொதுவா பரவால்ல, ஆனா பங்களாதேஷ் பிள்ளைங்க நிலைமை படு மோசம்னு தனியா எடுத்துச் சொல்லுச்சு. 1997ல டவர் ஹாம்லெட்ஸ் (கிழக்கு லண்டன்ல அவங்க குவிஞ்சிருக்கிற பகுதி, இப்போ 34.6 சதவீதம் பங்களாதேஷியர்) இங்கிலாந்துல இருந்த 149 கல்வி நிர்வாகங்கள்ல 149வது இடம். கடைசி. அதுக்குக் கீழ யாருமே இல்ல.

இன்னைக்கு ஜி.சி.எஸ்.இ.ல, அதாவது 16 வயசுல எழுதற பொதுத் தேர்வுல, பங்களாதேஷ் பிள்ளைங்க சராசரி வெள்ளைக்காரப் பிள்ளைங்க சராசரிக்கு மேல. பாகிஸ்தானிய பிள்ளைங்களும் முன்னேறியிருக்காங்க, ஆனா தேசிய சராசரியை ஒட்டித்தான் நிக்கறாங்க. மதம் ஒண்ணு, வறுமை ஒண்ணு, கிராமத்துக் கல்யாண முறையும் ஏறக்குறைய ஒண்ணு. அப்போ எது வேற?

ஊரு வேற. சில்ஹெட் ஆளுங்கள்ல பாதிக்குப் பக்கம் லண்டன்ல இருக்காங்க. எப்படி அங்க தங்கினாங்கங்கறதே ஒரு கதை. 70கள்ல கவுன்சில் வீடு (நகராட்சி வாடகைக்கு விடற வீடு) கேட்டா தர மாட்டாங்க, குடுத்தாலும் வெள்ளைக்காரன் ஜன்னல்ல கல் எறியற பிளாக்ல குடுப்பாங்க. இவங்க காலி வீடுகள்ல பூட்டை உடைச்சு குடியேறினாங்க, 1976ல பெங்காலி ஹவுசிங் ஆக்‌ஷன் குரூப்னே ஒண்ணு ஆரம்பிச்சு, பிரிக் லேனைச் சுத்தி எங்க ஆளுங்க இருக்கிற இடத்துலயே வீடு குடுனு சண்டை போட்டு வாங்கினாங்க. 1978 மே மாசம் அல்தாப் அலினு ஒரு தையல் தொழிலாளியை தெருவுல குத்திக் கொன்னாங்க, அதுக்கப்புறம் அந்த ஏரியா இளைஞர்கள் அரசியலா திரண்டாங்க, இப்போ அங்க அவர் பேர்ல பார்க் இருக்கு. வாங்கினது வாடகை கவுன்சில் ஃபிளாட்தான், சொந்தம் இல்ல. கணக்குப் பார்த்தா சொந்த வீட்டு விகிதத்துல பங்களாதேஷியர் பாகிஸ்தானியரை விட ரொம்பக் கீழ. ஆனா பிராட்ஃபோர்ட் சொந்த வீடு வேலை இல்லாத ஊர்ல கட்டிப் போட்டுச்சு, அதை வித்தா லண்டன்ல கார் நிறுத்தற இடம்கூட வாங்க முடியாது. டவர் ஹாம்லெட்ஸ் வாடகை ஃபிளாட்டோ, யாரும் எதிர்பார்க்காம, உலகத்துப் பணம் வந்து இறங்கற இடத்துக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. 1991ல பக்கத்துல இருக்கிற நிதி மையம் கேனரி வார்ஃப்ல பெரிய டவர் திறந்தப்போ அந்தப் பசங்களோட அப்பாக்களுக்கு அங்க கிடைச்சதெல்லாம் கூட்டிப் பெருக்கற வேலைதான், ஒத்துக்கறேன். பிள்ளைங்க தலைமுறைக்கு அது மாறிச்சு.

ஸ்கூல்ல என்ன பண்ணாங்கன்னா பெரிய மந்திரம் எதுவும் இல்ல. உள் லண்டனுக்கு ஒரு பிள்ளைக்கு கிடைக்கிற நிதி அதிகம். 1997ல கிறிஸ்டீன் கில்பர்ட்னு ஒரு அம்மா கல்வி நிர்வாகத் தலைவரா வந்தாங்க, பின்னாடி நாட்டுக்கே பள்ளி ஆய்வுத் துறை தலைவர் ஆனாங்க. மோசமான ஹெட்மாஸ்டர்களை மாத்தினாங்க, பெங்காலி பேசற உதவி ஆசிரியர்களை நிறைய சேர்த்தாங்க. டேர்ம் நடுவுல பிள்ளைங்களை மாசக்கணக்குல சில்ஹெட் கூட்டிட்டுப் போற பழக்கம் இருந்துச்சு, அதை நிறுத்த மசூதி இமாம்களையே பேச வச்சாங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இதுதான், மதத்தை எதிரியா பார்க்காம ஹாஜர் பட்டியலை சரி பண்ண அதையே பயன்படுத்தினாங்க. 2003ல இருந்து லண்டன் சேலஞ்ச்னு அரசாங்கத் திட்டமும் சேர்ந்துச்சு. சில பொருளாதார ஆளுங்க தலைகீழா சொல்வாங்க, ஸ்கூல் பிள்ளைங்களை உயர்த்தல, குடியேறின வீட்டுப் பிள்ளைங்கதான் லண்டன் ஸ்கூல் ரிசல்டை உயர்த்தினாங்கன்னு. அதுலயும் விஷயம் இருக்கு. ஸ்கூல் முடிச்சா பஸ் தூரத்துல குயின் மேரி யூனிவர்சிட்டி, ட்யூப் ரயில் ஏறினா இன்னும் நாலஞ்சு பெரிய காலேஜ், பொண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேங்கற அப்பாகூட இதுக்கு மறுப்பு சொல்ல முடியாது.

பிராட்ஃபோர்ட்ல பாருங்க. 15 கிலோமீட்டர்ல லீட்ஸ் இருக்கு, பேங்கும் வக்கீல் ஆஃபீஸும் எல்லாம் அங்க போச்சு. பிராட்ஃபோர்ட்ல ரெண்டு ரயில்வே ஸ்டேஷன், ரெண்டும் முட்டுச்சந்து, ஊரை ஊடுருவிப் போற லைனே கிடையாது. 2004ல ஷாப்பிங் சென்டர் கட்டறேன்னு ஊர் நடுவுல இடிக்க ஆரம்பிச்சாங்க, பணம் நின்னு போய் வருஷக்கணக்குல வெறும் பள்ளமா கிடந்து 2015லதான் கடை திறந்துச்சு. அதுல வளர்ற பையன் மிர்பூர்காரனா இருந்தாலும் வெள்ளைக்காரனா இருந்தாலும் பாதிப்பு பாதிப்புதான், அந்த ஊர் வெள்ளைக்கார ஏழைப் பிள்ளைங்க ரிசல்ட் ஒண்ணும் பெருமைப்படற மாதிரி இல்ல.

"இல்ல சார், பெங்காலிங்க படிப்பை மதிக்கிற கூட்டம்"னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். அவருக்கு ஓல்டம் போதும். மான்செஸ்டர் பக்கத்துல மில் ஊர், அங்க கோல்ட்ஹர்ஸ்ட்னு ஒரு வார்டு, பெரும்பாலும் அதே சில்ஹெட் ஆளுங்க. நாட்டுலயே வறுமை அதிகமான வார்டுகள்ல ஒண்ணு. 2001ல ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்ட் மூணு ஊர்லயும் இனக் கலவரம் நடந்துச்சே, அந்த வரிசையில லண்டன் இல்லாததைக் கவனிங்க.

இதைச் சொல்லிட்டு மிர்பூர் சமூகம் மேல தப்பே இல்லன்னு நான் முடிச்சேன்னா அது அநியாயம். ஊர்ல இருந்து மாப்பிள்ளை பொண்ணு எடுக்கற பழக்கம், அதுவும் அத்தை மாமா சித்தப்பா பிள்ளைங்களுக்குள்ள, ரொம்ப நாள் விடாம நடந்துச்சு. பலன் என்னன்னா, மூணாவது தலைமுறைனு எண்ணற குழந்தைக்குக்கூட அம்மாவோ அப்பாவோ புதுசா வந்து இறங்கினவங்க, வீட்ல இங்கிலீஷ் மறுபடி பூஜ்யத்துல இருந்து. பிராட்ஃபோர்ட்ல 2007ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வு 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துச்சு, சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க குழந்தைகளுக்கு பிறவிக் குறைபாடு வாய்ப்பு சுமார் 3ல இருந்து 6 சதவீதமா இரட்டிக்குதுன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல தாய்மாமன் கல்யாணம் சகஜமா நடந்த ஆளுங்க நாம, ரொம்ப மூக்கைச் சுளிக்க வேண்டாம், ஆனா உண்மை உண்மைதான். அடுத்த தலைமுறையில அந்த விகிதம் குறைஞ்சுட்டு வருதுங்கறதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

பங்களாதேஷ் பக்கமும் எல்லாம் சர்க்கரை இல்ல. மார்க் வந்த அளவுக்கு பணம் வரல. குழந்தை வறுமையில அவங்கதான் இன்னும் முதலிடத்துல, பாகிஸ்தானியரை விட மேல. லண்டன் வாடகை ஒரு காரணம், பெரிய குடும்பம் ஒண்ணு, ஒரே ஒரு சம்பளத்துல ஓடற வீடு ஒண்ணு. ரெண்டு சமூகத்துலயும் வேலைக்குப் போற பொம்பளைங்க ரொம்ப நாள் பாதிக்கும் கீழதான், இந்தியர்களோட உண்மையான இடைவெளி பெருசா திறக்கற இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ரெண்டு சம்பள வீடும் ஒரு சம்பள வீடும் முப்பது வருஷம் கழிச்சு ஒரே இடத்துல நிக்காது. இதுல இளம் பொண்ணுங்க நிலைமை வேகமா மாறுது, டிகிரி வாங்கறாங்க, ஆனா வேலை தேடறப்போ பேரும் ஹிஜாபும் பார்த்து கதவு மூடற கதையும் நடக்குது.

இன்னொரு சோதனை வேணும்னா அட்லாண்டிக் தாண்டுங்க. 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்கா போன பாகிஸ்தானியர்கள் பெரும்பாலும் டாக்டர், இன்ஜினியர், யூனிவர்சிட்டி ஆளுங்க. அங்க பாகிஸ்தானிக் குடும்ப வருமானம் அமெரிக்க சராசரிக்கு மேல. நாடும் அதே, மதமும் அதே, விசா வாங்கின ஆள்தான் வேற.

இந்தியா பாகிஸ்தான் ஒப்பீடுதான் வேணும்னு பிடிவாதமா இருந்தீங்கன்னா குஜராத்தியை விட்டுட்டு ஜலந்தர் சீக்கியரை எடுங்க. அவங்களும் விவசாயி, அவங்களும் பட்டாளத்துக்குப் போன கூட்டம், அவங்களும் 50, 60கள்ல கூலி வேலைக்கு வந்தவங்க. வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் இரும்பு வார்ப்படப் பட்டறைக்குப் போன சீக்கியருக்கும் பட்டறை மூடினப்போ அடி விழுந்துச்சு. லண்டன் சவுத்ஹால் போனவங்களுக்கு ரப்பர் ஃபேக்டரி மூடினாலும் பக்கத்துலயே ஹீத்ரோ ஏர்போர்ட் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு. 2005 ஆகஸ்ட்ல ஹீத்ரோவுல கேட் கோர்மேனு விமானத்துக்கு சாப்பாடு தயார் பண்ற கம்பெனி அறுநூத்துக்கும் மேற்பட்ட ஆளுங்களை ஒரே நாள்ல வேலையை விட்டுத் தூக்குச்சு, பெரும்பாலும் சவுத்ஹால் பஞ்சாபி அம்மாக்கள், ஏர்போர்ட்டே ஸ்தம்பிச்சுப் போச்சு. அந்த அம்மாக்கள் சம்பளத்துலதான் சவுத்ஹால் வீட்டு லோன் பாதி கட்டினது. மிர்பூர் அம்மாக்கள் அப்படி வேலைக்குப் போகாததுக்கு பர்தா எவ்வளவு காரணம், அவங்க வந்து இறங்கினப்போ பிராட்ஃபோர்ட்ல ஆம்பளைக்கே வேலை இல்லாம போனது எவ்வளவு காரணம்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஒரே ஒரு காரணம்தான்னு யாராவது அடிச்சுச் சொன்னா நான் நம்ப மாட்டேன்.